ஒரு கேபிள் தொலைந்ததற்காக ஒரு கணினியை எடைக்குப் போடுவதா?



போன வாரம் நான் சாப்பாட்டு மேசையில் சாலிடரிங் இரும்போடு உட்கார்ந்திருந்த படத்தை என் பேத்தி குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு அறிவுரை வந்துகொண்டே இருக்கிறது. "பெரியம்மா, இந்த வயசுல கண்ணைக் கெடுத்துக்கணுமா?" என்று ஒருத்தி. "டீச்சர், ஆன்லைன்ல ஆர்டர் போட்டா ரெண்டு நாள்ல வந்துடுமே" என்று ஒருவன். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்து, இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கும் இன்னொருவன், "முப்பது வருஷத்துக் கம்ப்யூட்டருக்கு ஒயர் செய்யறீங்களா டீச்சர்? எடைக்குப் போடச் சொல்லுங்க" என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூஞ்சியையும் மூன்று முறை போட்டிருந்தான்.

தனித்தனியாகப் பதில் எழுதினால் என் கண் உண்மையிலேயே கெட்டுவிடும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். கொஞ்சம் நீளம்தான். நாற்பது நிமிஷ வகுப்பில் அசையாமல் உட்கார்ந்தவர்கள் நீங்கள், இதையும் படிப்பீர்கள்.

முதலில் விஷயம். என் பழைய மாணவன் ஒருவன் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருக்கிறான். அங்கே ஒரு நிறமாலைமானி இருக்கிறது. ஒரு கரைசல் எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து சொல்லும் கருவி. கருவிக்கு ஒரு குறையும் இல்லை. அதை இயக்கும் புரோகிராமை ஒரு பேராசிரியர் பல வருஷத்துக்கு முன்பு எழுதி வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அது ஓடுவது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியின் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 என்ற கணினியில். (சன் டிவி இல்லை, உறவினர்கள் குழம்ப வேண்டாம். இது அமெரிக்கக் கம்பெனி.) 1994-இல் வெளிவந்த மாடல். தட்டையாக இருப்பதால் பீட்சா பெட்டி என்று செல்லப் பெயர். அந்தக் காலத்தில் நம் வீட்டுக் கணினிகளைவிட எவ்வளவோ மேலான இயந்திரம். இதைத்தான் ஒர்க்ஸ்டேஷன் என்பார்கள்.

அதன் திரை எப்போதோ போய்விட்டது. கீபோர்டைச் செருகாமல் மின்சாரம் கொடுத்தால், அந்தக் கணினி தன் பேச்சையெல்லாம் சீரியல் போர்ட் ஏ வழியாக வெளியே அனுப்பும். அங்கே ஒரு லேப்டாப்பைக் கட்டி, அதிலிருந்தே கட்டளை கொடுக்கலாம். அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கருவியோ பி என்ற இரண்டாவது சீரியல் போர்ட்டில்தான் பேசும். ஆக ஏ-யும் வேண்டும், பி-யும் வேண்டும். ஆனால் பெட்டியின் பின்னால் இருப்பது ஒரே ஒரு 25 பின் சாக்கெட். ஏ-யும் பி-யும் அந்த ஒன்றுக்குள்ளேயே அடக்கம். இரண்டையும் பிரித்துக் கொடுக்க ஒரு கவட்டைக் கேபிள் இருந்தது. ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தபோது அது எங்கேயோ போய்விட்டது.

விற்பனைப் பிரதிநிதி வந்தார். "அந்தக் கேபிள் இப்ப வர்றதில்லை. கருவி, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மாத்திடுங்க" என்று லட்சக்கணக்கில் ஒரு மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கல்லூரியில் பணம் இல்லை. எனவே கருவியைக் கழிவுப் பட்டியலில் சேர்ப்பதாக முடிவு. அடுத்த வருஷம் முதல் பிள்ளைகள் அந்தச் சோதனையைப் படம் வரைந்து, போன வருஷத்து அளவுகளைப் பார்த்து எழுதிக்கொள்வார்களாம். இதைச் சொல்லும்போது பையனுக்குக் குரல் கம்மியது.

சிரித்தவர்களே, தொலைந்தது ஒரு கேபிள். போக இருந்தது ஒரு கணினி, ஒரு கருவி, வருஷா வருஷம் வரும் பிள்ளைகளின் ஒரு பாடம்.

"ஆர்டர் போடுங்க" என்றவர்களுக்கு இப்போது வருகிறேன். போட்டான். "25 பின் ஸ்ப்ளிட்டர்" என்று போட்டிருந்ததை அவன் சொந்தக் காசில் வாங்கினான். ஏ வேலை செய்தது. பி-யில் மூச்சுப் பேச்சில்லை. அவன் அதை என்னிடம் கொண்டுவந்தான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒரு முனையின் 2-ஆம் பின் இரண்டு கிளைகளிலும் 2-ஆம் பின்னுக்கே போகிறது. 3-உம் அப்படியே. எல்லாமே அப்படியே. அதாவது ஒரு பிளக்கில் மிக்ஸியையும் கிரைண்டரையும் சேர்த்து மாட்டுகிற டூ-வே போல.

மின்சாரத்துக்கு அது சரி. பேச்சுக்குச் சரியில்லை. சீரியல் இணைப்பில் ஒரு கம்பியில் ஒருவர்தான் பேசலாம், எதிரே ஒருவர் கேட்கலாம். இரண்டு பேரின் வாயை ஒரே கம்பியில் கட்டினால் இரண்டும் மோதி உளறல்தான் மிஞ்சும். நமக்கு வேண்டியது ஒன்றை இரண்டாகப் பெருக்கும் கேபிள் இல்லை, ஒரே வாசலில் நெருக்கியடித்து வரும் இரண்டு பேரை அவரவர் வீட்டுக்குப் பிரித்து அனுப்பும் கேபிள். கடைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வாங்கியவனுக்கும் தெரியாது. பெயர் ஒன்றாக இருந்ததால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். வாங்குவதற்கும் அறிவு வேண்டும் கண்ணுகளா. எது வேண்டும் என்று தெரியாதவன் கையில் பணம் இருந்து என்ன பயன்?

சரி, நான் எப்படிச் செய்தேன்? எனக்கு இஞ்சினியரிங் தெரியாது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் என் படிப்பு. எங்கள் வீட்டுக்காரர் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளி விட்டு வந்து கடையில் உட்கார்ந்து, அவருக்குக் கம்பி பிடித்துக் கொடுத்துப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். இரும்பும் அவருடையதுதான். அவ்வளவுதான் என் தகுதி. மீதியை அச்சிட்ட ஒரு அட்டவணை சொல்லிக் கொடுத்தது.

சீரியல் இணைப்புக்கான ஆர்.எஸ்.-232 என்ற தரவரையறையை அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1960-இல் கொண்டுவந்தது. 1969-இல் அதன் சி என்ற வடிவம் வந்தது. பின்களில் எது எதற்கு என்று அதில் எழுதி வைத்தார்கள். 2-இல் அனுப்பு, 3-இல் வாங்கு, 7 இருவருக்கும் பொதுவான தரை. இதோடு நிற்காமல், இதே சாக்கெட்டில் இரண்டாவதாக ஒரு துணைத் தடம் வேண்டியிருந்தால் என்று 12, 13, 14, 16, 19 ஆகிய பின்களை ஒதுக்கி வைத்தார்கள். பெரும்பாலான கேபிள்களில் அவை சும்மாவே கிடந்தன. சன் கம்பெனிக்காரர்கள் பி போர்ட்டைக் கொண்டுபோய் அந்தக் காலி இடத்தில் குடிவைத்தார்கள். புதிதாக ஒரு சாக்கெட்டைக் கண்டுபிடித்துக் காசு பார்க்கவில்லை. செய்ததைக் கையேட்டில் அட்டவணையாகப் போட்டும் கொடுத்தார்கள்.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கணினிப் பக்கத்துக்கு ஒரு 25 பின் ஆண் கனெக்டர். கிளைகளுக்கு இரண்டு 25 பின் பெண் கனெக்டர். ஏ கிளைக்கு எண் மாற்றம் இல்லை. 2, 3, 4, 5, 6, 7, 8, 20 அப்படியே நேராகப் போகும். பி கிளைக்குத்தான் இடமாற்றம். கணினிப் பக்கத்து 14, கிளையில் 2-க்குப் போக வேண்டும். 16 போக வேண்டியது 3-க்கு. 19 என்பது 4, 13 என்பது 5, 12 என்பது 8, 11 என்பது 20. தரையான 7-இலிருந்து இரண்டு கிளைகளின் 7-க்கும் கம்பி போக வேண்டும். இதை மறந்தால் ஒன்றும் வேலை செய்யாது. சாதாரணக் கருவிக்கு அனுப்பு, வாங்கு, தரை என்ற மூன்று கம்பிகளே போதும். மற்றவை "நான் தயார், நீ தயாரா" என்று கேட்டுக்கொள்ளும் கம்பிகள். (ஏ, பி இரண்டுக்கும் கடிகாரத் துடிப்புக்கான பின்களும் உண்டு. நம் வேலைக்கு அவை தேவையில்லை.)

சாமான்கள் ரிட்சி தெருவில் கிடைத்தன. ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது, முகூர்த்தம் முடிந்ததும் பட்டுப் புடவையோடு போய் வாங்கி வந்தேன். மூன்று கனெக்டர், மூடிகள், பல இழைக் கேபிள், சுருங்கும் ட்யூப் எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. ட்யூபைப் பற்றவைப்பதற்கு முன்பே கம்பியில் கோத்துவிடுங்கள். அப்புறம் கோக்க வழியில்லை. இதை மறந்து மூன்று முறை கழற்றி மாட்டினேன்.

அதைவிடப் பெரிய தப்பும் செய்தேன். கனெக்டரை முன்பக்கம் பார்த்தால் ஒரு வரிசை, பின்பக்கம் திருப்பினால் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிவிடும். நான் முன்பக்கம் எண்ணிவிட்டுப் பின்பக்கம் பற்றவைத்தேன். 14-இல் இருக்க வேண்டியது 25-இல், 16-இல் இருக்க வேண்டியது 23-இல். எல்லாவற்றையும் பிரித்தேன். பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் எண் போட்டிருக்கும். உருப்பெருக்கியை வைத்து அதைப் படித்து வேலை செய்யுங்கள். எண்ணிப் பார்க்காதீர்கள்.

முடித்ததும் கணினியில் மாட்ட ஓடாதீர்கள். மல்டிமீட்டரை "பீப்" சத்தத்தில் வைத்து, எது எதற்குப் போக வேண்டுமோ அதற்குப் போகிறதா, பக்கத்து வீட்டை எதுவும் தொடவில்லையா என்று இரண்டையும் பாருங்கள். பிறகு பி கிளையில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்துவிட்டு, கணினியில் பி வழியாக எதையாவது தட்டுங்கள். நாம் தட்டியதே திரும்பி வந்து தெரியும். கம்பியை எடுத்தால் நின்றுவிடும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து நம் பெயரைக் கூப்பிடுவது மாதிரி. அந்த எழுத்து திரும்பி வந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பேத்தி படம் எடுத்தது அப்போதுதான்.

லேப்டாப்பை ஏ-யில் கட்ட ஒரு குறிப்பு. 25 பின்னிலும் 9 பின்னிலும் 2-க்கும் 3-க்கும் அர்த்தம் தலைகீழ். எனவே 2-க்கு 2, 3-க்கு 3, 7-க்கு 5 என்று கட்டினாலே ஒருவர் வாய் மற்றவர் காதுக்குப் போய்விடும். வேகம் 9600. இன்னொன்று, பழைய பி.சி.க்களின் பின்னால் இருக்கும் 25 துளை பெண் சாக்கெட் பிரிண்டருக்கானது. சன் கணினியின் சீரியல் சாக்கெட்டும் பார்க்க அப்படியே இருக்கும். சீரியல் கம்பியில் கூட்டல் கழித்தலாக 15 வோல்ட் வரை வரலாம், பிரிண்டர் போர்ட் 5 வோல்ட்டுக்குச் செய்தது. மாற்றிச் செருகினால் அது செத்துவிடும். வேலை நடுவில் ஏ-யின் கம்பியைப் பிடுங்கவும் கூடாது. யாரோ நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டு கணினி அப்படியே நின்று "ஓகே" என்று காட்டும். பயப்படாமல் "கோ" என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இனி என் வாதம்.

சன் கம்பெனி இப்போது இல்லை. 2010-இல் ஆரக்கிள் அதை வாங்கிவிட்டது. அந்தக் கேபிளை விற்றவர்களும் இப்போது விற்பதில்லை. ஆனால் அட்டவணை இருக்கிறது. அதனால்தான் அந்தக் கணினியைச் செய்தவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, நம்மூர்ப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவியால் அதை மறுபடி பேசவைக்க முடிந்தது. என் திறமை இதில் கால் பங்கு. எதையும் மறைக்காமல் எழுதி வைத்தவர்களின் நேர்மை முக்கால் பங்கு.

இன்றைக்கு நிலைமை என்ன? போனைத் திறக்க முடியாதபடி பசை போட்டு ஒட்டுகிறார்கள். பிரிண்டர் மைக் குப்பியில் சிப் வைத்து, வேறு மை ஊற்றினால் ஏற்காதபடி செய்கிறார்கள். ஒரு போனின் நல்ல பாகத்தை எடுத்து அதே மாடலின் இன்னொரு போனில் போட்டால், "இது என்னுடையது இல்லை" என்று அது முரண்டு பிடிக்கிறது. எந்தப் பின் எதற்கு என்று கேட்டால் அது வியாபார ரகசியம். பழசானதால் பொருள்கள் சாகின்றன என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. இதைச் சரி செய்வது எப்படி என்பதை மறைப்பதால் சாகின்றன. முப்பது வருஷத்துக் கணினி உயிரோடு இருக்கிறது, மூன்று வருஷத்துப் போன் குப்பையில் கிடக்கிறது. இதில் எது முன்னேற்றம் என்று எனக்கு யாராவது விளக்குங்கள்.

பெங்களூர் தம்பிக்கு ஒரு வார்த்தை. "என் ஒரு மணி நேரச் சம்பளமே அந்தக் கேபிள் விலையைவிட அதிகம் டீச்சர்" என்றும் எழுதியிருந்தாய். இருக்கட்டும், சந்தோஷம். ஆனால் நேரத்துக்கெல்லாம் விலை போட்டுப் பார்த்தால், உனக்கு வாய்ப்பாடு மனப்பாடம் ஆகும்வரை சாயங்காலம் ஐந்தரை மணி வரை உன்னை உட்காரவைத்தேனே, அதற்கு என்ன விலை? ஒரு பொருளை நாமே சரி செய்யும்போது பொருள் மட்டும் சரியாவதில்லை. "இது என்னால் முடியும்" என்ற எண்ணமும் கூடவே வருகிறது. அதை எந்தக் கடையிலும் ஆர்டர் போட முடியாது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் எங்கள் மேல்தான். 1937-இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வி என்று ஒன்றைச் சொன்னார். கைத்தொழில் வழியாகத்தான் பாடமே நடக்க வேண்டும் என்றார். ஆசிரியர் பயிற்சியில் அதை நாங்கள் எப்படிப் படித்தோம் தெரியுமா? "ஆதாரக் கல்வியின் நன்மைகள் யாவை?" என்ற பத்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்தோம். கையால் ஒன்றும் செய்யவில்லை. அப்படியே வந்து உங்களுக்கும் மின்சுற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். பேட்டரியும் பல்பும் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன, உடைந்தால் தலைமையாசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று. அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு உண்டு. அதனால்தான், சோதனையைச் செய்யாமல் பார்த்து எழுதப் போகிறார்கள் என்று கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய கணினியை இணையத்தில் இணைக்கக் கூடாது, அதன் பூட்டுகள் இந்தக் காலத்துத் திருடர்களைத் தாங்காது. எங்கள் கணினி இணைந்திருப்பது ஒரு லேப்டாப்போடும் ஒரு கருவியோடும் மட்டும்தான். மின்சாரம் வரும் பவர் சப்ளைப் பெட்டியைத் தெரியாதவர்கள் திறக்கவே கூடாது. உயிர் போகும். எல்லாப் பழசையும் காப்பாற்ற வேண்டும் என்பதும் இல்லை. யாருக்கும் வேலையில்லாத இயந்திரம் எடைக்குப் போகட்டும், அதுவும் மின்கழிவை முறையாகப் பிரிப்பவர்களிடம் போகட்டும். நான் சொல்வது ஒன்றுதான். தூக்கிப் போடுவதற்கு முன்பு என்ன கெட்டது என்று பாருங்கள். கெட்டது ஒரு கம்பி என்றால் கம்பியை மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் பொருள்களை வடிவமைக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாக்கெட் போடும்போது ஊரறிந்த சாக்கெட்டைப் போடுங்கள். எந்தப் பின் எதற்கு என்று ஒரு பக்கம் அச்சிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். மேலதிகாரி "எதுக்கு?" என்று கேட்டால், எங்கள் டீச்சர் கேட்டார் என்று சொல்லுங்கள். முப்பது வருஷம் கழித்து யாரோ ஒருத்தி அந்தக் காகிதத்தைத் தேடுவாள்.

கேபிள் போன வியாழக்கிழமை ஆய்வகத்துக்குப் போய்விட்டது. கருவி கழிவுப் பட்டியலிலிருந்து நீங்கியதா என்று இன்னும் கடிதம் வரவில்லை. ஆனால் பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைசலை வைத்துப் பிள்ளைகள் எடுத்த முதல் வரைபடத்தைப் பையன் எனக்கு அனுப்பியிருக்கிறான். அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி, கண்ணாடித்தாள் ஒட்டி, கேபிளோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது தொலைந்தால் அவர்களே செய்துகொள்ளட்டும்.

யாருக்காவது பற்றவைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். பிள்ளைகளைக் கூட்டி வந்தால் காபியோடு சுண்டலும் உண்டு. சிரித்த மூஞ்சி போட்டவர்கள் கண்டிப்பாக வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்